லூக்காசின் இருபத்தொரு நாட்கள்

பிலோமினா அக்கா சமையலறையிலிருந்து முன்னறைக்கு வர ஒன்பது அடி எடுத்துவைக்க வேண்டும். வேறு வீடுகளில் அது யாரும் கவனிக்கிற விஷயமல்ல. கொழும்பு, பாமன்கடையில் இருந்த அந்த வீட்டில், காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணிவரை, அக்கா அந்த ஒன்பது அடியையும் வெறுங்காலோடு, சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போவதைப் போல வைப்பார்.

பிள்ளை அப்போது பிறக்கவில்லை. வயிற்றில் ஏழு மாதம்.

"அக்கா, புள்ளி அரைக் கோடு அங்கால போயிட்டுது," என்பான் லூக்காஸ், கதவுத் துவாரத்தில் வைத்த கண்ணை எடுக்காமல்.

"நான் என்னடா செய்ய? நாங்க ரெண்டு பேர் சேர்ந்து இழுக்கிறோம்."

நான் சிரிப்பை அடக்குவேன். சிரித்தாலும் புள்ளி ஆடும் என்பது லூக்காசின் சட்டம்.

இத்தொடரை வாசித்து வரும் அன்பர் ஒருவர், "உங்கள் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதுகிறீர்கள், ஆனால் பௌதிகம் படித்தவர் பௌதிகத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே" என்று கேட்டிருந்தார். எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சின்னப் பூமிகள்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கல்லூரியில் அதிர்வில்லாத ஒரேயொரு அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. அதைப் படையினர் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பேராசிரியர் ஒரு வெள்ளைக்காரர், கறாரானவர், ஆனால் நல்லவர். சிறப்புப் பட்ட வகுப்பில் இருந்த என்னையும் லூக்காசையும் கூப்பிட்டு, "அசையாத ஓர் அறையை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். கருவியை நான் தருகிறேன்" என்றார்.

பரிசோதனை இதுதான். ஒரு மெல்லிய கம்பித் துண்டில் ஒரு சிறு தண்டைக் கிடையாகத் தொங்கவிட வேண்டும். தண்டின் இரு முனைகளிலும் சுண்டைக்காய் அளவில் ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே இரண்டு பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுபோனால், பெரியது சின்னதை இழுக்கும். பூமி நம்மை இழுக்கிற அதே ஈர்ப்புத்தான். கம்பி ஒரு மயிரிழை அளவு முறுகும். தண்டில் ஒட்டிய சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, எதிர்ச் சுவரில் உள்ள அளவுகோலில் ஒரு புள்ளியாக விழுந்து நகரும். அந்த நகர்வை அளந்தால் ஈர்ப்பின் வலிமை எவ்வளவு என்று கணக்கிடலாம்.

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எட்டுப் பிரமச்சாரிகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த 'சம்மரி' வீட்டில். அங்கே ரயில் போகும்போது தேநீர்க் கோப்பையே தாளம் போடும். லூக்காசின் வீடு கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கும் கோயில் மணிக்கும் நடுவில். இரண்டும் சரிவராது. கடைசியில் பாமன்கடையில் இருந்த அவன் அக்கா வீட்டு உள்ளறை கிடைத்தது. அக்காவின் கணவர் கப்பலில் வேலை. போர் தொடங்கிய பிறகு அவர் வீட்டுக்கு வருவது அருமை.

பெரிய குண்டுகளை லூக்காஸ் கொட்டாஞ்சேனையில் மீன்வலைக்கு ஈயம் வார்க்கிற ஒருவரிடம் செய்வித்தான். இரண்டையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தோம். கொண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்து, "மேவா மொனவாத மஹத்தயா, போம்பத?" என்றார். இவை என்ன ஐயா, வெடிகுண்டுகளா என்று. பஸ் முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

லூக்காஸ் சிங்களத்தில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "இல்ல தம்பி, பூமி. சின்னப் பூமி ரெண்டு" என்றான்.

கொண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பூமிகளுக்கும் சேர்த்து டிக்கட் கிழித்தார்.

எத்தனை விசைகள்

இன்று பள்ளிக்கூடப் பிள்ளையிடம் இயற்கையின் அடிப்படை விசைகள் எத்தனை என்று கேட்டால், நான்கு என்று விரலை மடக்காமல் சொல்லும். நாங்கள் படித்தபோது உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. ஒன்று ஈர்ப்பு. மற்றது மின்னும் காந்தமும் சேர்ந்த விசை. அணுவின் கருவுக்குள் ஒரே மின்னேற்றமுள்ள துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மின்விசையின்படி அவை ஒன்றையொன்று தள்ளிச் சிதறவேண்டும். சிதறவில்லை. ஆகவே அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் வலிய விசை ஒன்று இருக்கவேண்டும். அதன் கை கருவுக்கு வெளியே எட்டாது. இன்னொன்று, சில கருக்களைத் தாமாகவே மாறவைக்கும் மெல்லிய விசை. பிந்திய இரண்டையும் பேராசிரியர் அப்போது "இருக்கலாம்" என்றுதான் சொல்லித் தந்தார்.

இவை எல்லாவற்றிலும் நலிந்தது ஈர்ப்பு. அதை லூக்காஸ் ஒரு சீப்பை வைத்து எனக்குக் காட்டினான். மழையில்லாத ஒரு தை மாதப் பகலில், சம்மரி வீட்டு வாசலில், தலையைப் பரபரவென்று வாரிவிட்டுச் சீப்பை ஒரு கடதாசித் துணுக்குக்கு மேலே பிடித்தான். துணுக்கு துள்ளி ஒட்டிக்கொண்டது.

"பார் மச்சான். முழுப் பூமியும் ஒரு பக்கத்தில நிண்டு இந்தக் கடதாசியைக் கீழ இழுக்குது. என்ர சீப்பு மேல இழுக்குது. ஆர் வெண்டது?"

நானும் வாரிப் பார்த்தேன். ஒன்றும் எழும்பவில்லை.

"உன்ர தலையில ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் கிடக்கு, கந்தா. அந்த விசைக்கு முன்னால மின்சாரமும் வழுக்கிப் போடும்."

அவன் இன்னொன்றும் சொன்னான். மின்விசையை மறைக்கலாம், எதிர் ஏற்றத்தால் இல்லாமலும் ஆக்கலாம். ஈர்ப்பை எந்தச் சுவராலும் மறைக்க முடியாது. இருக்கிற எல்லாப் பொருளும் இருக்கிற எல்லாப் பொருளையும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவன் முகம் கோயிலுக்குப் போய்வந்த முகம் போல இருந்தது. எனக்குப் பௌதிகம் பரீட்சையில் எடுக்கவேண்டிய புள்ளிகள். அவனுக்கு அது வேறு.

ஒரே கண்

பேராசிரியரின் விதிகள் மூன்று. அளவுகளைப் பார்த்த இடத்திலேயே மையால் எழுத வேண்டும். பக்கங்களுக்கு இலக்கமிட்ட கொப்பி, ஒரு தாளும் கிழிக்கக் கூடாது. பரிசோதனையின் முப்பது நாளும் புள்ளியைப் பார்ப்பது ஒரே கண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஆளுக்கு ஆள் பார்வை வேறுபடும்.

லூக்காசின் கண்ணைத் தெரிந்தெடுத்தோம். அவன் பார்த்து எழுதுவான். நான் கயிற்றை இழுத்துப் பெரிய குண்டுகளை இடம் மாற்றுவேன், நேரம் சொல்லுவேன். தினமும் ஏழரை மணிக்குத் தொடங்குவோம். ஞாயிற்றுக்கிழமையும் விடாமல், விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடி வருவான்.

இருபத்தொரு நாள் அப்படி ஓடியது. நான் இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் விடை, புத்தகத்தில் உள்ள அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட வந்தது.

"எங்கயோ பிழை," என்றேன்.

"இருக்கும்."

"இப்பிடிக் கொண்டுபோய்க் குடுக்கேலாது, லூக்காஸ்."

"ஏன் ஏலாது? வந்தது இது. வந்ததைத் தானே எழுத வேணும். பிழை எங்க எண்டு பிறகு தேடுவம்."

அடுத்த நாள் பெரிய கிழமை தொடங்குகிறது என்றான். குருத்தோலை ஞாயிறு முதல் பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறு வரை கொட்டாஞ்சேனையில் அவனுக்குக் கோயில் வேலை. பாடற்குழுவில் அவன் குரல் இல்லாமல் ஆகாது. "ஒம்பது நாள் தானே மிச்சம். பாஸ்கு முடிய வந்து எடுப்பம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் தவணை இருக்கு."

தவணை இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னரே ஊருக்கு வரும்படி அம்மா எழுதியிருந்தார். அது வெளியே சொல்லக்கூடிய காரணம். உள்ளே இருந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு. பிழையான விடையின் கீழே என் பெயர் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பாஸ்குவுக்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம் நான் தனியே பாமன்கடைக்குப் போனேன். கொப்பியைத் திறந்து, மிச்ச ஒன்பது நாளுக்கும் உரிய அளவுகளை உட்கார்ந்து எழுதினேன். முன்னைய நாட்களின் கூடுதலை இழுத்துச் சரிக்கட்டும்படி, புத்தக விடை வரும்படி, பின்னோக்கிக் கணக்குப் பண்ணி எழுதினேன். ஒரே கண் என்பது விதி. ஆகவே லூக்காசின் எழுத்தில் எழுதினேன். அவனுடைய ஏழுக்கு நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும். அதையும் போட்டேன்.

ஒன்பது நாளில் ஏழு கடந்துபோன நாட்கள். இரண்டு இனிமேல் வரவேண்டிய நாட்கள், ஞாயிறும் திங்களும். செவ்வாய்க்கிழமை கல்லூரிப் பியோன் வந்து எடுத்துப் போவான் என்று கொப்பியைக் கட்டி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அன்றிரவு யாழ்ப்பாண ரயிலேறினேன். லூக்காசிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், சிரிப்பான், ஏசுவான், விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

அசையாத புள்ளி

மறுநாள் ஞாயிறு காலை ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள்.

எங்கள் தலைமுறைக்கு அந்தக் காலையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. துறைமுகத்தில் விழுந்த குண்டும், சுட்டுத் தள்ளிய பீரங்கியும் பாமன்கடையையும் தாண்டித் தெகிவளை வரைக்கும் ஜன்னல்களை ஆட்டின. நகரம் பாதியாகக் காலியானது. கல்லூரியை மூடினார்கள். ஆனால் செவ்வாய்க்கிழமை பியோன் வரவேண்டிய வீட்டுக்கு வந்து, எடுக்கவேண்டிய பொதியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். அப்படியும் மனிதர்கள் இருந்தார்கள்.

கல்லூரி திறந்ததும் பேராசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது.

"அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் நான் இந்த மேசைக்குக் கீழே படுத்திருந்தேன்," என்றார் ஆங்கிலத்தில். "மைக்கூடு விழுந்து உடைந்தது. பாமன்கடையில் உங்கள் ஒளிப்புள்ளி மட்டும் குளத்துத் தண்ணீர் போல அமைதியாக இருந்திருக்கிறது. இதை யார் பார்த்தது?"

லூக்காஸ் குனிந்து பார்த்தான். முதலில் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது, யாரோ நல்ல பகிடி விட்டிருக்கிறார்கள் என்பது போல. பிறகு ஏழுகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இது நான் எழுதியதல்ல, சேர்."

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "உனக்கு இவனுடைய எழுத்துத் தெரியும். இது யாருடையது?"

நான் சொன்னேன்: "லூக்காசின் எழுத்துப் போலத்தான் இருக்கிறது, சேர்."

இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு வேறெதையும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

லூக்காஸ் அவசரமாகச் சொன்னான்: "சேர், அந்தக் காலை நான் கோயிலில் நின்றேன். பாஸ்குத் திருநாள். கொட்டாஞ்சேனை முழுவதும் சாட்சி சொல்லும். நான் பாமன்கடைப் பக்கமே போகவில்லை."

"அதைத்தான் நானும் நினைத்தேன்," என்றார் பேராசிரியர் மெதுவாக. "கோயிலுக்குப் போகவேண்டும் என்பது உனக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே முன்கூட்டியே எழுதிவைத்தாய்."

அவனுடைய உண்மையே அவன் மேல் கதவைச் சாத்தியது. அப்போதும் அவன் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவனைச் சிறப்பு வகுப்பிலிருந்து நீக்கினார்கள். கொப்பி முழுவதையும் பொய் என்று தள்ளினார்கள். எனக்கு வேறு ஒரு பரிசோதனையைத் தனியே செய்ய அனுமதி தந்தார்கள்.

கல்லூரிப் படியில் லூக்காஸ் எனக்காகக் காத்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"இண்டைக்கு உனக்குப் பயம். எனக்கு வெளங்குது மச்சான்," என்றான். "நாளைக்குப் போய்ச் சொல்லு. தனியப் போக ஏலாட்டி நானும் வாறன்."

"ஓம்," என்றேன்.

தேத்தண்ணி

கருவியைத் திருப்பி எடுத்துவரும்படி அந்த வாரமே பேராசிரியர் என்னை அனுப்பினார். பிலோமினா அக்கா கதவைத் திறந்தார். பிள்ளைபெறும் நாள் நெருங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் கம்பியை அவிழ்க்கும்வரை வாசலில் நின்றார்.

"தம்பி, அண்டைக்குச் சனிக்கிழமை நீங்க இங்க தனிய இருந்து எழுதினீங்க."

நான் திரும்பவில்லை.

"நீங்க புள்ளி பார்க்கிறீங்க எண்டு நினைச்சேன். லூக்காஸ் இல்லாம பாவம் ஒரே ஆளா மினக்கெடுறீங்களே எண்டு தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தேன். கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. எண்டாலும் மெதுவாத்தான் நடந்தேன். உங்களுக்கு ஆடப்படாது எண்டு."

அன்று உள்ளறையில் விளக்குக்கூட ஏற்றியிருக்கவில்லை. நான் முன்னறையில், மேசையில் குனிந்து, அவருடைய தம்பியின் கையெழுத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு, வந்த மாதிரியே, ஒவ்வோர் அடியாகத் திரும்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

"நீங்க துரையிட்டப் போய்ச் சொன்னாலும் சொல்லலாம், அக்கா," என்றேன். வெட்கத்தில் அது ஒரு சவால் போல வந்தது.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. தெரிஞ்சாலும் நான் அவனுக்கு அக்கா. அக்கா வேற என்ன சொல்லுவா எண்டு தான் நினைப்பாங்க." பிறகு, "நீங்க தான் போகணும், தம்பி. போவீங்க தானே?" என்றார்.

"நாளைக்குப் போறன்."

அவர் நம்பினார். எனக்காக ஈயக் குண்டுகளைச் சுற்றச் சாக்கும் எடுத்துத் தந்தார்.

நான் போகவில்லை. நாளை என்றது ஒரு வாரமாகி, தவணையாகி, பரீட்சையாகி, முதல் வகுப்புச் சித்தியாகி, ஒரு நல்ல உத்தியோகமாகியது. பயம் என்றுதான் எனக்கு நானே சொல்லிவந்தேன். பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பிறகு இருந்தது சௌகரியம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பின்னேரம்

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், கொட்டாஞ்சேனைச் சந்தியில் அவனை நேருக்கு நேர் கண்டேன். ஒதுங்க வழியில்லை. துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் எழுத்தர் வேலை பார்த்தான். சட்டைப் பையில் இரண்டு பென்சில். முன்நெற்றியில் மயிர் கொட்டியிருந்தது.

"கந்தா, இன்னும் எண்ணெய் வைக்கிறியா நீ?" என்றான். தேநீர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அக்காவுக்குப் பெண் பிள்ளை, நல்ல சுட்டி என்றான். என் வேலையைப் பற்றிக் கேட்டான். நான்தான் தாங்கமாட்டாமல் தொடங்கினேன்.

"லூக்காஸ், நான் உனக்குச் செய்தது..."

"விடு. பட்டம் போனது போனது தான். அதுக்கு அழுது முடிஞ்சுது." கோப்பையை மேசையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான். "எனக்கு ஒண்டு தான் மனசில கிடக்கு. நீ எழுதினது ஒம்பது நாள். அதுக்கு முந்தின இருபத்தொரு நாளும் நான் பார்த்தது. அது உண்மை மச்சான். உன்ர ஒம்பதோட சேர்த்து அதையும் பொய் எண்டு எறிஞ்சு போட்டாங்க. ஏன் ஐஞ்சில ஒண்டு கூட வந்துச்சு எண்டு நான் இன்னும் கப்பல் மேடையில நிண்டுகொண்டு யோசிக்கிறேன். குண்டுகளுக்கு நடுவில இருந்த தூரத்தைப் பிழையா அளந்தமோ, கம்பி இளகினதோ தெரியல்ல. ஆனா புள்ளி நிண்ட இடத்தைத் தான் எழுதினேன். ஒரு கோடு கூட்டல்ல, ஒரு கோடு குறைக்கல்ல."

"ஓம்."

"அதை மட்டும் எங்கயாவது சொல்லு. என்னைப் பற்றி ஒண்டும் வேணாம். உன்னைப் பற்றியும் வேணாம். அந்த இருபத்தொரு நாளும் சரியான அளவு எண்டு, ஆரும் நாலு பேர் அறிய. உனக்குச் சபை இருக்குத் தானே, நீ சொன்னா கேப்பாங்க."

சொல்லுகிறேன் என்றேன். அவனிடம் சொன்ன இரண்டாவது "நாளை" அது. அதைச் சொல்ல என்னைப் பற்றியும் சொல்லவேண்டியிருந்தது. என்னைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்லும் வழியைத் தேடிக்கொண்டே பதவி உயர்ந்தேன், ஓய்வும் பெற்றேன். பேராசிரியர் சீமைக்குப் போய் அங்கேயே காலமானார். லூக்காசும் போன வருடம் மாரிக்காலத்தில் போய்விட்டான். பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆகவே இனி எழுதுவது அவனுக்கு உதவாது. ஆனாலும் கேட்டான், நான் ஒப்புக்கொண்டேன். நாலு பேர் என்றான். இந்த இதழை அதற்குக் கூடவே வாசிக்கிறார்கள்.

அந்தக் கொப்பியின் முதல் இருபத்தொரு நாள் அளவுகளை எடுத்தவன் கொட்டாஞ்சேனை லூக்காஸ். ஒவ்வொரு நாளும் நான் பக்கத்தில் நின்றேன். புள்ளி நின்ற இடத்தைத்தான் அவன் எழுதினான். கடைசி ஒன்பது நாளும் நான் எழுதியவை.